தகுதியில்லாமல் வாங்கிய உதவித்தொகை: திருப்பித் தரும் வரை கையின் மீது கடன்

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ், வ அலா ஆலிஹி வ ஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.



மூன்று வாரத்துக்கு முன்பு இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு நம் மஹல்லாக்காரர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மவ்த்தாகிப் போன அவருடைய தாயாரின் வங்கிப் பாஸ்புத்தகமும் ஏடிஎம் கார்டும் இருந்தன. "ஹஜ்ரத், அம்மா மவ்த்தாகி பதினாலு மாசம் ஆச்சு. முதியோர் பென்ஷன் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. நானும் எடுத்துக்கிட்டேதான் இருந்தேன். அதுல பாதி அம்மாவோட பேர்ல யாஸீன் ஓதி சாப்பாடு போட்டேன், மீதி வீட்டுச் செலவுக்குப் போச்சு. இது அம்மாவோட சொத்துதானே? எனக்கு ஹலால்தானே?" என்று கேட்டார்.

மாதம் 1,200 ரூபாய். பதினான்கு மாதத்திற்கு 16,800 ரூபாய். உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். மஸ்அலா கடினம் என்பதால் அல்ல. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யோசித்ததால். அவருக்குச் சொன்ன பதிலை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

உதவி வாங்குவது குற்றமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். இந்த பயானைக் கேட்டுவிட்டு நாளைக்கு ஒரு விதவைத் தாய் தன்னுடைய பென்ஷனை விட்டுவிடக் கூடாது. தகுதி உள்ளவர் அரசாங்கத்திடம் உதவி வாங்குவதில் எந்த இழிவும் இல்லை. அது அவருடைய ஹக்.

பைத்துல் மாலிலிருந்து மக்களுக்குப் பதிவேடு போட்டு உதவித்தொகை கொடுத்தவர் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டும் தொகை என்று ஆரம்பத்தில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் இரவு மதீனாவுக்கு வந்திருந்த வியாபாரக் கூட்டத்துக்குக் காவலாக இருந்தபோது ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் விசாரித்தால், உமர் பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் பணம் தருகிறார், அதனால் அவசரமாகப் பாலை மறக்கடிக்கிறேன் என்றாள், பேசுவது உமரிடம்தான் என்று தெரியாமல். அன்று ஃபஜ்ரில் அழுகையில் அவர்கள் ஓதியதே மக்களுக்குப் புரியவில்லை என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். தொழுகை முடிந்ததும், பிறந்த குழந்தைக்கே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தாய் பொய் சொல்லிப் பணம் வாங்கவில்லை. விதி அவளை நெருக்கியது, அவ்வளவுதான். விதி தவறாக இருந்தால் அதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், மனு கொடுக்கலாம், போராடலாம். பொய் சான்றிதழ் கொடுப்பது அதற்கு மாற்று அல்ல.

அல்பகராவின் 273-வது வசனத்தில் அல்லாஹ் ஒரு கூட்டத்தைப் புகழ்கிறான். அவர்கள் ஏழைகள். ஆனால் கை நீட்டாத அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து, விவரம் தெரியாதவன் அவர்களைப் பணக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வான். நம் காலத்தில் இது தலைகீழாகி விட்டது. உள்ளவன் ஏழையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறான்.

கபீஸாவுக்குச் சொன்ன மூன்று பேர்

கபீஸா இப்னு முகாரிக் (ரலி) ஒரு ஸஹாபி. இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்து வைப்பதற்காக ஒரு பெரும் தொகைக்குப் பொறுப்பேற்று, கடனில் மாட்டிக்கொண்டார். உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். ஸதகா பொருள் வரும் வரை இருங்கள், உங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்ற நபியவர்கள், அதோடு ஒரு சட்டத்தையும் சொன்னார்கள். கேட்பது மூன்று பேருக்குத்தான் ஆகும்: இவரைப் போல் பிறருக்காகக் கடன் பொறுப்பேற்றவர், விபத்தில் பொருளை இழந்தவர், வறுமையில் விழுந்தவர். அந்த மூன்றாமவருக்கு மட்டும் ஒரு நிபந்தனை. அவர் வறுமையில் இருக்கிறார் என்று அவருடைய சமூகத்தின் விவரமுள்ள மூன்று பேர் எழுந்து சொல்ல வேண்டும். இவர்களைத் தவிர வேறு யார் வாங்கினாலும் அது ஸுஹ்த், ஹராமான உணவு என்று முடித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

வருமானச் சான்றிதழ் என்பது வேறு என்ன, சகோதரர்களே? கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பதும், வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவதும், வட்டாட்சியர் ஒப்புதல் தருவதும் இந்த மூன்று பேருடைய வேலைதான்.

ஹஜ்ஜத்துல் விதாவில் ஸதகா பங்கிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நபியவர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். இருவரும் திடகாத்திரமானவர்கள். நீங்கள் விரும்பினால் தருகிறேன், ஆனால் வசதி உள்ளவனுக்கும் உழைத்துச் சம்பாதிக்கத் தெம்பு உள்ளவனுக்கும் இதில் பங்கு கிடையாது என்றார்கள். அபூதாவூத், நஸாயீயில் உள்ளது. நபியவர்கள் அவர்களுடைய வீட்டுக்குள் போய்ச் சோதனை போடவில்லை. சட்டத்தைச் சொல்லிவிட்டு, முடிவை அவர்களுடைய ஈமானிடம் விட்டார்கள். இன்றைய விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் உறுதிமொழி என்று ஒரு பத்தி இருக்கும். யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பத்தி. அந்த இடத்தில் நீங்கள் நிற்கும்போது உங்களையும் இப்படித்தான் ஏற இறங்கப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது நிபந்தனைகள் பகிரங்கமாகவே சொல்லப்பட்டன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் விண்ணப்பம் போடுவதற்கு முந்தின வாரம் கார் மச்சான் பெயருக்கு மாறியது என்று கேள்விப்பட்டேன். உண்மையிலேயே விற்றிருந்தால் பேச்சில்லை. கார் இன்னும் அதே வாசலில் நின்றால், அல்லாஹ்விடத்தில் ஆர்சி புத்தகத்தைக் காட்டி என்ன செய்வீர்கள்?

நிபந்தனை விஷயத்தில் நம் மக்களுக்கு வக்ஃபைச் சொன்னால் எளிதாகப் புரியும். வக்ஃப் செய்தவருடைய நிபந்தனை ஷரீஅத் சொன்ன வார்த்தையைப் போல என்று ஃபுகஹாக்கள் சொல்லுவார்கள். எத்தீமுக்கு என்று எழுதி வைத்த நிலத்தின் வருமானத்தில் வசதியுள்ளவன் ஒரு தேங்காய் எடுத்தாலும் ஊரே கேட்கும். கேட்க வேண்டும். ஏழைக்கு என்று பொதுப்பணத்திலிருந்து ஒதுக்கியதை எடுப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நான் போட்ட கையெழுத்து

ஜமாஅத் கடிதம் கேட்டு மாதத்திற்கு நாலு பேராவது வருகிறார்கள். இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், ஏழை, உதவத் தகுதியானவர் என்று எழுதி, முத்தவல்லியும் நானும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துகிறோம். ஏழு வருடத்துக்கு முன்பு ஒருவர் தன் மகனின் கல்லூரிக் கட்டண உதவிக்காகக் கேட்டார். முகத்தாட்சண்யம். விசாரிக்காமல் போட்டுக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அடுத்த ஊரில் அவருக்கு இரண்டு கடை வாடகை வருகிறது. அந்த உதவிக்குக் கணக்கான இடங்கள்தான். அவருடைய மகன் பெயர் பட்டியலில் ஏறியது. நம் தெருவிலேயே தையல் மெஷின் மிதிக்கிற ஒரு அத்தாவின் மகள் பெயர் விடுபட்டது. அந்தப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தாள்.

நான் அவரிடம் போய்ப் பேசினேன். "அவங்க குடுத்தாங்க, நான் வாங்கினேன் ஹஜ்ரத்" என்று சிரித்துவிட்டார். கொடுத்தவர்களுக்கு, என்னுடைய கடிதம் தவறு என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த வருடம் அந்தப் பிள்ளையின் கட்டணத்தில் என்னால் முடிந்ததைக் கட்டினேன். ஆனால் போன வருடத்தை என்னால் கட்ட முடியாது.

பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, பொய் சாட்சி, பொய் சாட்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்த மாட்டார்களா என்று நாங்கள் நினைக்கும் அளவுக்குச் சொன்னார்கள் என்கிறார் அபூபக்ரா (ரலி). இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியபோது எனக்கு நீதிமன்றக் கூண்டுதான் ஞாபகம் வந்தது. இப்போது எங்கள் பள்ளிவாசல் முத்திரைதான் ஞாபகம் வருகிறது. இனி இந்த மஹல்லாவில் விசாரணை இல்லாமல் கடிதம் கிடையாது. கோபப்படுகிறவர்கள் கோபப்படலாம்.

அதிகாரியே கொடுத்து விட்டாரே?

இதுதான் பெரும்பாலோர் சொல்கிற காரணம். நான் விண்ணப்பித்தேன், அவர் விசாரித்தார், தகுதி என்று எழுதிவிட்டார், அப்புறம் எனக்கென்ன என்பார்கள்.

உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள், நானும் மனிதன்தான், நீங்கள் வழக்குகளை என்னிடம் கொண்டுவருகிறீர்கள், ஒருவர் மற்றவரை விடப் பேச்சில் சாமர்த்தியமாக இருக்கலாம், நான் கேட்டதை வைத்து அவருக்குத் தீர்ப்பளித்து விடலாம், அப்படி அவருடைய சகோதரனின் ஹக்கை நான் அவருக்குக் கொடுத்திருந்தால் அது நரக நெருப்பின் ஒரு துண்டு, எடுத்துக்கொள்ள வேண்டாம். தீர்ப்புச் சொல்பவர் அல்லாஹ்வின் தூதராகவே இருந்தாலும், பொய்யைக் காட்டி வாங்கியது ஹலாலாகாது என்றால், வட்டாட்சியர் அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப் எதை ஹலாலாக்கும்? அல்பகராவின் 188-வது வசனமும் இதைத்தான் தடுக்கிறது. தெரிந்துகொண்டே அதிகாரிகளிடம் விஷயத்தைக் கொண்டுபோய், பிறர் பொருளில் ஒரு பகுதியைப் பாவமான வழியில் சாப்பிடாதீர்கள் என்பது அதன் கருத்து.

இன்னொரு காரணம், அரசாங்கப் பணம்தானே, அது யாருக்கும் சொந்தமில்லையே என்பது. யாருக்கும் சொந்தமில்லை என்றால் உனக்கு மட்டும் எப்படிச் சொந்தமானது? அல்லாஹ்வின் பொருளில் உரிமையின்றி மூழ்கி எடுக்கிறவர்களுக்கு மறுமையில் நெருப்பு என்று எச்சரிக்கும் ஹதீஸைக் கவ்லா அல்அன்ஸாரிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். பொதுப்பணத்தைப் பற்றிய ஹதீஸ் இது.

சில இளைஞர்கள் இதைவிட மோசமாக, இது என்ன இஸ்லாமிய அரசாங்கமா என்று கேட்கிறார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) இஸ்லாத்துக்கு வருமுன் தன்னோடு பயணம் வந்தவர்களைக் கொன்று பொருளை எடுத்துக்கொண்டு மதீனா வந்தார். அந்தப் பயணிகள் முஸ்லிம்கள் அல்ல. நபியவர்கள் என்ன சொன்னார்கள்? இஸ்லாத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பொருளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஹிஜ்ரத் இரவில் அலீ (ரலி) மக்காவில் தங்கியது எதற்கு? கொல்லத் துடித்த அதே குறைஷிகள் கொடுத்து வைத்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்க. அதற்குப் பிறகும் கேள்வி இருந்தால் என்னிடம் வாருங்கள். மேலும், இந்த நாட்டின் கஜானாவில் தீப்பெட்டி வாங்கிய கிழவியின் வரியும் இருக்கிறது.

நாட்டின் சட்டம்

2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஏமாற்றிப் பொருளைப் பெறுவது, அதாவது பழைய 420, இப்போது 318-வது பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது 336-வது பிரிவு; அதற்கும் ஏழு ஆண்டு வரை. தயாரித்தது வேறொருவர், நான் கொடுக்க மட்டும்தான் செய்தேன் என்றும் தப்ப முடியாது. போலி என்று தெரிந்தே அசலாகப் பயன்படுத்துவது 340-வது பிரிவில் தனிக் குற்றம். தன் கைக்கு வந்த பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்குவது 314-வது பிரிவு. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அரசுக்கு வரவேண்டிய பாக்கிக்காக ஜப்தி செய்து வசூலிக்க 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இன்னும் இருக்கிறது. ரேஷன் அரிசியை வாங்கிக் கடத்தல்காரருக்கு விற்பவர்கள் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் மாட்டுவார்கள். அதிலும் ஏழு ஆண்டு வரை உண்டு. அரிசி வேண்டாம் என்றால் பொருளில்லா அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

பிஎம் கிசான் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் விவசாயிகளாகச் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர்கள் கையில் இருந்தது. 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கைதுகள் நடந்தன, வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் வாங்கிப் போனார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன ஏழைகளும் அதில் இருந்தார்கள்.

நம் சமுதாயத்தை நேரடியாகச் சுடுகிற செய்தி 2023-இல் வந்தது. சிறுபான்மை மாணவர்களின் கல்வி உதவித்தொகை பற்றி ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகம் செய்த ஆய்வில், பார்க்கப்பட்ட 1,572 நிறுவனங்களில் 830 போலி அல்லது இயங்காதவை என்று தெரிந்தது. அரசுக்கு இழப்பு 144.83 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு விஷயத்தை சிபிஐ வசம் கொடுத்தார்கள். யாருடைய பிள்ளைகள் பெயரில் அந்தப் பணம் போனது என்று யோசியுங்கள். இதைப் படித்த அன்று நான் மக்தபில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவில்லை. உட்கார முடியவில்லை.

ஷரீஅத்தின் தீர்ப்பு: ளமான்

பைத்துல் மாலிலிருந்து திருடியவனின் கையை வெட்ட வேண்டாம், அதில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று உமர் (ரலி) எழுதியதாக ரிவாயத் உண்டு. ஹனஃபி மத்ஹபின் சட்டமும் இதுதான். இதைக் காட்டிச் சிலர் லேசான விஷயம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஹத்து விழவில்லை என்றால் தஃஸீர் இருக்கிறது, ஆட்சியாளர் பொருத்தமான தண்டனை கொடுப்பார். அதைவிட முக்கியம், ளமான் இருக்கிறது. ளமான் என்றால் ஈடுசெய்யும் பொறுப்பு. எடுத்த கை, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வரை அதற்குப் பொறுப்பு என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூத், திர்மிதியில் வருகிறது.

பாவம் வேறு, பொறுப்பு வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி மஸ்அலா முடிந்தது. தெரியாமல் எடுத்தவனுக்குப் பாவம் இல்லை, ஆனால் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. கொரோனா நிவாரணம் என்று நம்பி வாங்கிய அந்த ஏழைக் கிழவர் அல்லாஹ்விடம் குற்றவாளி அல்ல. ஆனால் தன்னுடையது அல்ல என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் அவர் கையில் கடன். ஏமாற்றிக் கமிஷன் எடுத்த தரகனிடம் அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. தெரிந்தே எடுத்தவன் அழுது தவ்பா செய்தாலும், கையில் வைத்துக்கொண்டு செய்கிற தவ்பா முழுமையாகாது. மனிதர்களின் ஹக் சம்பந்தப்பட்ட பாவத்தில் அந்த ஹக்கை ஒப்படைப்பதும் தவ்பாவின் நிபந்தனை என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள்.

தொகை சின்னது என்பதும் காரணமாகாது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் மித்அம் என்ற பணியாளர் நபியவர்களின் ஒட்டகச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். மக்கள், அவருக்கு சொர்க்கம் என்றார்கள். இல்லை, பங்கிடும் முன் ஙனீமத்திலிருந்து அவர் எடுத்த போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள் நபியவர்கள். இதைக் கேட்டதும் கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து ஒன்றோ இரண்டோ செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். நெருப்பு வார் என்றார்கள். புகாரியில் உள்ள சம்பவம். அந்த மனிதரின் பெயர் ரிவாயத்தில் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு செருப்பு வாருக்காக அத்தனை பேர் முன்னால் எழுந்து வருவதற்கு என்ன தைரியம் வேண்டும்!

அதற்கு எதிர்ப்புறத்தில் அபூபக்ர் ஸித்தீக் (ரலி). உரிமையோடு வாங்கியதையே திருப்பிக் கொடுத்தவர்கள். மரணப் படுக்கையில் ஆயிஷா நாயகியிடம், நான் கிலாஃபத்துக்கு வந்த பிறகு என் பொருளில் கூடியது என்ன என்று பார்த்து அடுத்த கலீஃபாவிடம் அனுப்பிவிடு என்றார்கள். பார்த்தபோது கூடுதலாக இருந்தது ஒரு அடிமையும் தண்ணீர் இறைக்கும் ஒட்டகமும். அவை வந்தபோது உமர் (ரலி) அழுதுவிட்டார்கள், தமக்குப் பின் வருபவர்களை அபூபக்ர் மிகவும் சிரமத்தில் விட்டுப் போய்விட்டார் என்று. உமர் (ரலி) தம்மைப் பற்றிச் சொல்லும்போது, அல்லாஹ்வின் பொருளில் நான் எத்தீமின் பொறுப்பாளனைப் போல என்பார்கள். வசதி இருந்தால் தொடமாட்டேன், தேவை வந்தால் அளவோடு எடுப்பேன், வசதி வந்தால் திருப்பிக் கட்டுவேன் என்பது அவர்கள் வழக்கம். அந்நிஸாவின் ஆறாவது வசனத்திலிருந்து எடுத்த வாழ்க்கை அது.

இதில் நம் பல குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. விண்ணப்பம் போட்ட நாளில் நீங்கள் உண்மையிலேயே ஏழை. பிறகு மகன் சவூதிக்குப் போனான், வீடு கட்டினீர்கள், கார் வந்தது. அன்று வாங்கியது ஹலால். தகுதி போன பிறகு வாங்குவது ஹலால் அல்ல. யாரும் கேட்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

எப்படித் திருப்பிக் கொடுப்பது

முதலில் நிறுத்துங்கள். தகுதி இல்லை என்று தெரிந்த மாதத்திலிருந்து பணத்தைத் தொடாதீர்கள். ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். பிறகு கணக்குப் போடுங்கள், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு என்று. பாஸ்புத்தகம் பொய் சொல்லாது. முதியோர், விதவை ஓய்வூதியம் என்றால் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான தனி வட்டாட்சியர் இருக்கிறார். மவ்த்தானவர் விஷயத்தில் இறப்புச் சான்றிதழோடு எழுதிக் கொடுங்கள். பிஎம் கிசான் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள்.

பொய் ஆவணம் கொடுத்தவர்கள், பெரிய தொகை எடுத்தவர்கள், தரகு வேலை பார்த்தவர்கள் முதலில் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். திருப்பிக் கட்டியதும் வழக்கு தானாக மறைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் அப்படி இல்லை. தானாக முன்வந்து கட்டியதை நீதிமன்றம் கவனத்தில் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வழக்குப் பயத்தைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்ளவும் முடியாது. செய்த பாவத்தை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று ஷரீஅத் கட்டாயப்படுத்தவில்லை. அல்லாஹ் மறைத்ததை மறைத்தே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த வழியும் இல்லை என்று உறுதியானால் பொதுநலனுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க ஃபுகஹாக்கள் அனுமதிக்கிறார்கள், நன்மையை எதிர்பார்த்து அல்ல, பொறுப்பிலிருந்து விலகுவதற்காக. அலுவலகத்துக்குப் போக வெட்கப்பட்டு இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வழி இருக்கும்போது அங்கேதான் கொடுக்க வேண்டும்.

மொத்தமாக இல்லையென்றால் தவணையாக. அதுவும் முடியாத வறியவர் நிய்யத்தோடு எழுதி வைக்கட்டும், இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்று. வாப்பா தகுதியில்லாமல் வாங்கிவிட்டு மவ்த்தாகியிருந்தால் அது அவருடைய சொத்தின் மீதுள்ள கடன். பாகப் பிரிவினைக்கு முன்னால் கடன் என்று அந்நிஸாவின் 11-வது வசனம் வைத்திருக்கிறது. அண்ணன் தம்பி பங்கு பிரிக்க உட்காரும்போது இதையும் பாயில் வையுங்கள்.

மஞ்சள் பையோடு வந்தவருக்குச் சொன்னது இதுதான். அம்மாவின் பென்ஷன் அம்மாவின் மூச்சோடு முடிந்தது. ஹயாத்தாக இருந்த மாதத்துக்கு உரியது தாமதமாக ஏறியிருந்தால் அது வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகு ஏறியது மீராஸ் அல்ல, அரசாங்கத்தின் பணம். அம்மாவுக்கு இதில் குற்றம் எதுவும் இல்லை, எடுத்தது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. யாஸீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதைத்தான் ஏற்பான். அம்மாவின் பெயரில் உங்கள் சொந்த உழைப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், அது போய்ச் சேரும்.

அவர் அழவில்லை, வாதாடவும் இல்லை. மொத்தமாகக் கட்ட முடியுமா என்று மட்டும் யோசித்தார். மனைவியின் வளையலை அடகு வைத்தார். போன செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், எடுத்ததைத் திருப்பிக் கட்டவா வந்தீர்கள் என்று. எழுதிக் கொடுத்து, சொன்ன கணக்கில் கட்டி, ரசீது வாங்கினோம். நடவடிக்கை ஏதும் வருமா என்று இன்னும் தெரியாது. வந்தால் சந்திக்கிறேன் ஹஜ்ரத் என்றார்.

ரசீதை அந்த மஞ்சள் பைக்குள் அம்மாவின் பாஸ்புத்தகத்துக்குள் வைத்து மடித்துக்கொண்டார்.

இப்படிக் கணக்கு பாக்கி உள்ளவர்கள் அஸருக்குப் பிறகு எந்த நாளிலும் என் அறைக்கு வரலாம். வழக்கறிஞர் ஒருவரும் வாரத்தில் ஒரு நாள் வந்து ஆலோசனை சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர் கேட்க மாட்டோம். ஜமாஅத் கடிதம் வேண்டியவர்கள் புதன்கிழமைக்குள் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், வியாழக்கிழமை நிர்வாகிகள் வீட்டுக்கு வருவார்கள்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.